தண்டவாளத்துக்கு அடியில்

கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க சார். நல்லாவே அமுக்குங்க, ஒண்ணும் ஆவாது. இப்ப விரல எடுங்க. பள்ளம் நிக்குதா? நிக்கல இல்ல. அதான் பார்க்கணும். விரல எடுத்தப்புறமும் பள்ளம் அப்படியே நின்னா அந்த ஃபோம் ஷீட் தண்டவாளத்துக்கு ஆவாது. இன்னைக்கு நல்லா இருக்கும். ஆறு மாசத்துல இஞ்சின் போற எடமெல்லாம் அமுங்கிப் போயிடும்.

உக்காருங்க. அதுல வேணாம், அது கால் ஆடும். இதுல உக்காருங்க.

போன்லயே சொன்னீங்க. காட்பாடில ரெண்டாவது மாடி, டேபிள் மேல வண்டி ஓட்டுறீங்க, கீழ் வீட்டுக்காரங்க மேல ஏறி வந்து சத்தம் தாங்கலன்னு சொல்றாங்க. பொம்ம ரயிலுக்கு இவ்வளவு சத்தமான்னு அவங்களுக்குப் புரியாது. வண்டி சத்தம் போடுறதில்ல சார். பலகைதான் போடுது. தண்டவாளத்த நேரா பிளைவுட் மேல ஆணியடிச்சு வெச்சீங்கன்னா பலகை மொத்தமும் மேளம் மாதிரி ஆயிடும். நடுவுல மெத்துன்னு ஒண்ணு இருந்தா பலகைக்கு வண்டி போறதே தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

வேலூர் கடைக்காரர் என்னப் பத்தி என்ன சொன்னாரு? ஆம்பூர்ல ஒருத்தர் சத்தமே இல்லாம பண்ணியிருக்காருன்னா? ஆமா. அது உண்மைதான். பெருமைக்குச் சொல்லல, இருக்கறதச் சொல்றேன். சத்தமே இல்ல.

என் பேரு ஞானசிகாமணி. ஷூ கம்பெனில சாம்பிள் ரூம்ல முப்பத்தொரு வருஷம் இருந்தேன். சாம்பிள் ரூம்னா, வெளிநாட்டுக்காரன் படம் அனுப்புவான், அதப் பார்த்து மொத ஜோடிய வெட்டித் தைக்கிற எடம். ஷூவுக்கு உள்ள, காலுக்கு அடியில வைக்கிற ஃபோம் இருக்குதே, எந்த ஷூவுக்கு எது, எவ்வளவு தடிமன், எவ்வளவு கெட்டி, எல்லாம் நான்தான் சொல்லுவேன். மூணு எம்.எம்.முக்கும் அஞ்சு எம்.எம்.முக்கும் கண்ண மூடிக்கினு தடவிச் சொல்லுவேன். இப்பவும் சொல்லுவேன். அதனால இந்த விஷயத்துல என்ன யாரும் ஏமாத்த முடியாது.

இந்த வண்டி ஒரு ஜெர்மன்காரர் குடுத்தது. தோல் பார்க்க வருவாரு. ஒரு கிறிஸ்மஸுக்கு என் பொண்ணு பியூலாவுக்குன்னு கொண்டாந்தாரு. ஒரு இஞ்சின், மூணு பெட்டி, வட்டமா தண்டவாளம். அவ ரெண்டு நாள் விளையாடினா. அப்பால பரண்ல போட்டாச்சு. நான் ரிட்டயர் ஆனப்புறம் எடுத்தேன். எட்டுக்கு நாலு பிளைவுட் வாங்கி, ஹால்ல போட்டு, இன்னும் கொஞ்சம் தண்டவாளம் வாங்கிச் சேர்த்து, ஓட்ட ஆரம்பிச்சேன். இதே பலகைதான். இதே எடம்தான்.

அப்ப ஃபோம் கிடையாது. நேரா பலகை மேலதான். காதப் பொளக்கும். மாவு மில்லு மாதிரி.

என் வீட்டுக்காரி பேரு ஹெப்சிபா. ஸ்கூல்ல சத்துணவுல இருந்தா. பேசுவா. காலைல எழுந்ததுல இருந்து பேசுவா. முப்பத்தி நாலு வருஷம் அவ பேசுவா, நான் கேப்பேன். கேப்பேன்னா, காதுல விழும். நான் வண்டி ஓட்டுறப்ப அவ கிச்சன்ல இருப்பா. வண்டி நின்னுச்சுன்னா போதும், அங்கருந்தே கொரல் வரும். "ஏன் நின்னுச்சு? எந்த ஊரு?" அப்படின்னு. நான் பதில் சொல்ல மாட்டேன். என்னத்தச் சொல்றது? தண்டவாளம் துடைக்க நிறுத்தியிருப்பேன், பெட்டி கழண்டிருக்கும். திரும்ப ஓட விட்டா அவ பாட்டுக்கு வேலையப் பார்ப்பா. கொஞ்சம் எல்லாத்துலயும் தலையிடுற சுபாவம். நல்ல மனுஷி. குத்தமா சொல்லல.

ஜூலைல ஒரு ஞாயித்துக்கிழமை. சர்ச்சுக்குக் கெளம்பிக்கினு இருந்தா. பொடவ கொசுவத்தக் கையில புடிச்சுக்கினே கட்டில்ல உக்காந்தா. "என்னமோ பண்ணுது"ன்னா. அதான் கடைசியா முழுசா பேசினது. ஆஸ்பத்திரில பக்கவாதம்னாங்க. வலது பக்கம் மொத்தம் போச்சு, பேச்சும் போச்சு. பதினெட்டு நாள் வெச்சிருந்து அனுப்பினாங்க. புத்தி நல்லா இருக்குது, கேக்குது, புரியுது, வாய்தான் வராதுன்னாங்க.

அந்த ரூம்தான் சார். ஹாலுக்கும் அதுக்கும் நடுவுல இந்தச் செவுரு மட்டும்தான். கதவு எப்பவும் திறந்தேதான் இருக்கும். அவ கட்டில்ல இருந்து பார்த்தா ஹாலு தெரியாது. செவுருதான் தெரியும்.

ஷமீம்னு ஒரு பொண்ணு பார்த்துக்க வந்துச்சு. புருஷனுக்குத் தோல் பதனிடுற தொட்டில வேல. இந்தத் தெருதான், நாலு வீடு தள்ளி. காலைல எட்டு மணிக்கு வரும், மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போவும், மூணு மணிக்கு வந்து ஆறு வரைக்கும் இருக்கும். சுத்தமா பார்த்துக்கும். அதுலயும் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. கடைசில ஒரு வார்த்த சொல்லுச்சு, அதத் தவிர.

அது கிடக்கட்டும். ஃபோமுக்கு வர்றேன்.

ஆஸ்பத்திரில இருந்து வந்து மூணாவது வாரமோ என்னமோ, பியூலா பெங்களூர்ல இருந்து வந்திருந்தா. நான் ஹால்ல தண்டவாளத்தத் துடைச்சுக்கினு இருந்தேன். வண்டி ஓட்டல அன்னைக்கு, காலைல இருந்து துடைக்கிற வேலைதான். உள்ளருந்து பியூலா கூப்பிட்டா. "அப்பா, அம்மா ஏதோ சொல்லுது, வாங்க." போனேன். வாய் கோணிக்கினு, ரொம்ப கஷ்டப்பட்டு, ஒரு வார்த்த. "சத்தம்."

ரெண்டு தடவ சொன்னா. "சத்தம். சத்தம்." எடது கையால ஹாலப் பார்த்துக் காட்டினா.

பியூலா என்னப் பார்த்தா. "அப்பா, வண்டி சத்தம் அம்மாவுக்குத் தொல்லையா இருக்குது போல." நானும் அதான் நெனச்சேன். அன்னைக்கு ஓடல, ஆனா முந்தின நாளெல்லாம் ஓடிச்சு இல்ல, அதச் சொல்றான்னு நெனச்சேன். நோவாளிக்குச் சத்தம் ஆவாது. யாரக் கேட்டாலும் அதான் சொல்லுவாங்க. நீங்களா இருந்தாலும் அதான் நெனச்சிருப்பீங்க.

வண்டிய மூட்ட கட்டி வெச்சிடலாம்னு பார்த்தேன். பியூலாதான், "வேணாம்ப்பா, உங்களுக்கும் ஏதாவது வேணும்ல, சத்தம் வராத மாதிரி செய்ய முடியாதா"ன்னா. முடியாதான்னு கேட்டா. என்னப் போயி கேட்டா. முப்பத்தொரு வருஷம் ஃபோம்ல இருந்தவன்.

மொதல்ல ஃப்ரிட்ஜ் பெட்டிக்குள்ள சுத்தி வருமே வெள்ளையா, நுரை மாதிரி மெல்லிசு ஷீட்டு, அத வெட்டிப் போட்டேன். மெத்துன்னு இருக்கும், ஆனா ரொம்ப மெத்து. இஞ்சின் போறப்ப அமுங்குது, போனப்புறம் எழும்புது. தண்டவாளம் சேர்ற எடமெல்லாம் விட்டுக்கிச்சு. பெட்டி படகு மாதிரி ஆடுது. தூக்கிப் போட்டேன். நீங்க அந்தத் தப்பப் பண்ணாதீங்க. மெத்துன்னு இருந்தா நல்லதுன்னு எல்லாரும் நெனப்பாங்க. கெட்டியா இருக்கணும், ஆனா அதிரக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்குது, அதத்தான் புடிக்கணும்.

அப்பால தெர்மோகோல். அதுல எனக்கு ஒரு அவமானம். தெர்மோகோல் மேல ஷூ ஒட்டுற சொல்யூஷன் பட்டா உருகிப் போயிடும், சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நான் தடவிட்டேன். சர்க்கரைப் பாகு மாதிரி குழிஞ்சு போச்சு. அன்னைக்கு ஹெப்சிக்கு மூத்திர டியூப் மாத்துன நாள், நர்ஸ் வந்திருந்தாங்க. கவனம் அங்க இருந்திருக்கும். இல்லன்னா நான் அப்படிச் செய்யிற ஆள் இல்ல.

அதுக்கப்புறம்தான் இந்த ஷீட்டுக்கு வந்தேன். நம்ம கம்பெனி ஃபோம். பழைய ஆளுங்க கிட்ட சொல்லி வாங்கினேன். மூணு எம்.எம். போட்டேன், மேல தண்டவாளத்த வெச்சு ஆணியடிச்சேன். சத்தம் பாதிதான் கொறஞ்சுது. ஏன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ஆணி சார். ஆணி தண்டவாளத்துல இருந்து ஃபோமக் குத்திக்கினு பலகைக்குப் போவுது இல்ல, அது வழியா சத்தம் இறங்கிடுது. எல்லா ஆணியையும் புடுங்கினேன்.

பியூலா என் போன்ல ஒண்ணு போட்டுக் குடுத்திருந்தா, சத்தத்த அளக்கிறது. நம்பர் வரும். அத எங்க வெச்சு அளக்கணும்? எங்க தொந்தரவோ அங்க. ஹெப்சி தலகாணி மேல, காதுகிட்ட வெச்சேன். வண்டிய ஓட விட்டுட்டு ஓடிப் போய்ப் பார்ப்பேன். வெறும் பலகைல ஓட்டினப்ப அறுபத்தி ரெண்டு. மூணு எம்.எம்.மும் ஆணியும் ஐம்பத்தி நாலு. ஆணி இல்லாம நாப்பத்தி ஒம்போது. ஒவ்வொரு தடவையும் அவகிட்ட நம்பரச் சொல்லுவேன். "நாப்பத்தி ஒம்போதுக்கு வந்துட்டேன் ஹெப்சி. கொஞ்சம் பொறுத்துக்க."

என்னப் பார்த்துக்கினே இருப்பா.

தட்டுறது எப்ப ஆரம்பிச்சுதுன்னு எனக்குச் சரியா நெனப்பில்ல. செப்டம்பர்னு வெச்சுக்குங்க. இரும்புக் கட்டில் அது. எடது கை வேல செய்யும் இல்ல, வளையலால கம்பில தட்டுவா. டங் டங் டங்குனு. ஓடுவேன். "என்ன ஹெப்சி, தண்ணியா?" தலைய ஆட்டுவா, இல்லன்னு. "பொரட்டிப் படுக்க வைக்கணுமா?" இல்ல. "ஃபேன் வேணாமா?" இல்ல. "பியூலாவுக்கு போன் போடவா?" இல்ல. ஒண்ணும் வேணாம். சும்மா என்னப் பார்ப்பா. சரின்னு வருவேன். வந்து ஃபோம்ல கத்திய வைக்கிறப்ப திரும்ப டங் டங் டங்குனு.

ஒரு நாளைக்கு இருபது தடவ சார். எண்ணியிருக்கேன். நோவாளிதான், பாவம்தான். ஆனா ஃபோம்ல ஓரம் சீவுறப்ப கை அசையக் கூடாது. அஞ்சு எம்.எம். ஷீட்ட நாப்பத்தஞ்சு எம்.எம். அகலத்துக்குப் பட்டையா வெட்டி, ரெண்டு ஓரத்தையும் சரிவா சீவணும், நிஜ ரயில் பாதைல ஜல்லி சரிஞ்சு நிக்கும் பாருங்க, அந்த மாதிரி. அப்பால அந்தப் பட்டைய நடுவுல நீட்டுக்கு ரெண்டா கிழிக்கணும். ஏன்னா வளைவுல முழுப் பட்டைய வளைச்சா உள்பக்கம் சுருங்கி எழும்பிக்கும். பாதிப் பாதியா வெச்சா சொன்னபடி கேக்கும். பென்சிலால நடுக்கோடு போட்டுக்கினு, மொதல்ல ஒரு பாதி, அப்பால அடுத்த பாதி. ஃபோம் சேர்ற எடமும் தண்டவாளம் சேர்ற எடமும் ஒண்ணா வரக் கூடாது. பாதை ரெண்டா பிரியிற பாயின்ட் வர்ற எடத்துல பட்டை போடாதீங்க, அகலமா ஒரே ஷீட்டா போடுங்க. இவ்வளவு வேல. நடுவுல டங் டங் டங்.

ஷமீம் அப்ப ஏதோ சொல்லிச்சாம். எனக்கு நெனப்பில்ல. அது சொல்றதுதான்.

நோவு முத்துதுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்ட போயி சொன்னேன், ஒண்ணும் வேணாம் ஆனா தட்டிக்கினே இருக்கா, நிம்மதி இல்லாம இருக்கான்னு. அவரு கேட்டாரு, "வலி இருக்குதா?" இல்லன்னேன். "தூங்குறாங்களா?" பகல்ல தூங்கறதில்லன்னேன். சில பேருக்கு அப்படி வரும், மனசு பரபரப்பா இருக்கும்னு சொல்லிட்டு ஒரு மாத்திரை எழுதினாரு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின்னாடி பாதி. அவரு மேல தப்பு இல்ல. நான் என்ன சொன்னேனோ அதுக்குத்தான் அவரு எழுதினாரு.

மாத்திரை குடுத்தப்புறம் தட்டுறது கொறஞ்சுது. மத்தியானத்துல சுத்தமா இல்ல. எனக்கு வேல ஓடிச்சு.

அக்டோபர் கடைசில அஞ்சு எம்.எம். முழுக்கப் போட்டு முடிச்சேன். தண்டவாளத்தையும் ஆணி இல்லாம ஒட்டினேன். போனத் தலகாணி மேல வெச்சேன். நாப்பத்தி ஒண்ணு. ஃபேன் மட்டும் ஓடினாலே முப்பத்தி ஏழு சார். அவகிட்ட குனிஞ்சு கேட்டேன். "வண்டி ஓடுது. கேக்குதா ஹெப்சி?"

தலைய ஆட்டினா. இல்லன்னு.

எனக்கு எவ்வளவு சந்தோஷம். நல்லா பார்த்துக்கினேன், மெதுவா, ரெண்டு தடவ ஆட்டினா. கண்ணுல தண்ணி வந்துச்சு. வலது கண்ணு எப்பவும் தண்ணி விடும், அந்த நோவுக்கு அப்படித்தான்னு நர்ஸ் சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு ரெண்டு கண்ணுலயும் வந்துச்சு. துண்டால துடைச்சு விட்டேன். "இன்னும் நாலு நம்பர்தான், அதையும் கொறச்சிடுறேன்"ன்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் ஒரு தப்பு நடந்துச்சு, அத நீங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். ஜல்லி போட்டேன். சல்லடைல சலிச்ச பொடிக் கல்லு. தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் கொட்டி, ஃபெவிக்கால்ல தண்ணி கலந்து சொட்டுச் சொட்டா ஊத்தினேன். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. காஞ்சப்புறம் பார்க்க அவ்வளவு அழகு. வண்டிய விட்டேன். பழையபடி மாவு மில்லு.

ஐம்பத்தாறு. நம்பவே முடியல. ஃபெவிக்கால் காஞ்சா கல்லு மாதிரி ஆயிடுது. ஜல்லியும் அதுவும் சேர்ந்து தண்டவாளத்துல இருந்து பலகை வரைக்கும் சிமென்ட் போட்ட மாதிரி பாலம் கட்டிடுச்சு. ஃபோம் நடுவுல சும்மா படுத்துக்கினு இருக்குது.

ரெண்டு வாரம் அந்தச் சத்தம் இருந்துச்சு. சொரண்டி எடுக்கற வரைக்கும், எந்தப் பக்கம் எடுத்தா எவ்வளவு கொறையுதுன்னு ஓட விட்டு ஓட விட்டுப் பார்த்தேன். வெண்ணெ தடவுற கத்தியால சொரண்டினேன். பாருங்க, அந்த ரெண்டு வாரம் ஹெப்சி தட்டவே இல்ல. மாத்திரை நல்லா வேல செய்யுதுன்னு நெனச்சேன். கொஞ்சம் சாப்பிடவும் செஞ்சா. ஷமீம் இட்லி ஊட்டிச்சு, மூணு சாப்பிட்டான்னு சொல்லிச்சு. பியூலாவுக்கு போன் போட்டுச் சொன்னேன், அம்மா தேறுதுன்னு.

அப்பால ரப்பர் பால் வாங்கியாந்தேன். கம்பெனில ஷூவுக்குள்ள உள்ளட்டை ஒட்டுறது. காஞ்சாலும் இழுத்தா இழுபடும், கல்லா ஆவாது. ஜல்லிய அதுல ஒட்டினேன். நவம்பர் ரெண்டாவது வாரம், வியாழக்கிழமை. மழ. ஷமீம் ஒரு மணிக்குப் போச்சு. நான் பாதி மாத்திரையக் கஞ்சில கலந்து ஹெப்சிக்குக் குடுத்து, வாயத் துடைச்சு, போர்வையப் போத்தி விட்டுட்டு ஹாலுக்கு வந்தேன். வண்டிய விட்டேன்.

சத்தமே இல்ல சார்.

எப்படிச் சொல்றது. வண்டி போவுது, கண்ணு பார்க்குது, காதுக்கு ஒண்ணும் இல்ல. மழ கூட நின்னிருந்துச்சு. நான் நாற்காலியப் போட்டு உக்காந்துட்டேன். சுத்திச் சுத்தி வருது. ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கேன். போனக் கொண்டு போயி தலகாணில வைக்கணும்னு நெனச்சேன். தூங்குவா, எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன்.

மூணு மணிக்கு ஷமீம் வந்துச்சு. குடைய வெளிய வெச்சுட்டு நேரா உள்ள போச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு கதவுகிட்ட வந்து நின்னுச்சு.

"அய்யா, வண்டிய நிறுத்துங்க."

"ஏன், சத்தமா இருக்குதா?"ன்னு கேட்டேன்.

அது திரும்பிக் கட்டில்கிட்ட போச்சு.

திரும்பவும் மூளைல அடைப்புன்னாங்க டாக்டர். ஒரு மணிக்கும் ரெண்டுக்கும் நடுவுல ஆயிருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்கன்னாரு. மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னும் சொன்னாரு. நான் கேக்கல, அவராவே சொன்னாரு.

எல்லாம் நடந்துச்சு. பியூலா வந்தா, மருமகன் வந்தாரு, சர்ச் ஐயர் ஜெபம் பண்ணினாரு, கல்லறைத் தோட்டத்துல தண்ணி நின்னுச்சு. எல்லாரும் அழுதாங்க. எனக்கு வரல. ஏன்னு தெரியல. பியூலா என் கையப் புடிச்சுக்கினே இருந்தா, நான் அவ செருப்பப் பார்த்துக்கினு இருந்தேன். உள்ள போட்டிருந்தது மட்டமான ஃபோம், அமுங்கிப் போயிருந்துச்சு. அதான் நெனப்பிருக்குது.

பத்து நாள் கழிச்சு ஷமீம் வந்துச்சு. அதோட டிபன் பாக்ஸும் ஒரு ஸ்வெட்டரும் இங்க இருந்துச்சு. எடுத்துக்கினு, உடனே போவல. ஹால்ல வண்டியப் பார்த்துக்கினு நின்னுச்சு. அப்பால சொல்லிச்சு.

"அய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. வண்டி சத்தம் கேக்கறப்ப அம்மா தட்ட மாட்டாங்க."

"என்னம்மா சொல்ற?"

"சத்தம் வந்துச்சுன்னா அப்படியே கேட்டுக்கினு படுத்திருப்பாங்க. நின்னுச்சுன்னா தட்டுவாங்க. நீங்க வந்து நின்னதும் மொகத்தப் பார்ப்பாங்க, சரியாயிடுவாங்க. நீங்க போனா திரும்பத் தட்டுவாங்க."

நான் சொன்னேன், அப்படி இல்லம்மா, நோவாளிக்குச் சத்தம் ஆவாது, அவளே வாயத் திறந்து சத்தம்னு சொன்னா, பியூலா சாட்சின்னேன். அறுபத்தி ரெண்டு எங்க, நாப்பத்தி ஒண்ணு எங்கன்னேன். எல்லாம் வெவரமா எடுத்துச் சொன்னேன். அது தலையக் குனிஞ்சுக்கினு கேட்டுச்சு.

"அப்படி இருந்தா நீ அப்பவே சொல்லியிருக்கணும் இல்ல"ன்னேன்.

"சொன்னேன் அய்யா. ரெண்டு தடவ சொன்னேன். நீங்க அளவெடுத்துக்கினு இருந்தீங்க."

அந்த வார்த்தையத்தான் மொதல்ல சொன்னேன் உங்ககிட்ட. எனக்குக் கோவம் வந்துச்சு. கூலிக்கு வந்த பொண்ணு, என் பொண்டாட்டியப் பத்தி எனக்கே சொல்லுதுன்னு. முப்பத்தி நாலு வருஷம் சார். ஆனா கத்தல. சரிம்மா, கொஞ்சம் இரும்மான்னு சொல்லிட்டு, வண்டிய ஓட விட்டேன். "நீ இங்கயே நில்லு, நிறுத்தாத"ன்னு சொன்னேன். உள்ள போயி அந்தக் கட்டில்ல படுத்தேன். மெத்தை எல்லாம் எடுத்தாச்சு, வெறும் பலகைதான். அவ தல இருந்த எடத்துல தலைய வெச்சேன். செவுத்தப் பார்த்துப் படுத்தேன்.

ஒண்ணும் கேக்கல. மொதல்ல எனக்கு வந்த நெனப்பு என்ன தெரியுமா? நல்லா வந்திருக்குதுன்னு. பொய் சொல்ல வேணாம் உங்ககிட்ட. வேலைன்னு பார்த்தா ஒரு குறை இல்லன்னுதான் நெனச்சேன்.

அப்பால கொஞ்ச நேரம் போச்சு. ஃபேன் போடல. தெருவுல ஒரு ஆட்டோ போச்சு. செவுரு இருந்துச்சு. ஷமீம் ஹால்ல நிக்குதா போயிடுச்சான்னு தெரியல. வண்டி ஓடுதா நின்னுச்சான்னு தெரியல. வீட்ல ஆள் இருக்கற மாதிரியே இல்ல. எவ்வளவு நேரம்னு சொல்ல முடியல. கூப்பிடணும்னு தோணிச்சு. கூப்பிடல.

எழுந்து வந்தப்ப ஷமீம் நின்ன எடத்துலயே நின்னுக்கினு இருந்துச்சு, டிபன் பாக்ஸப் புடிச்சுக்கினு. வண்டி சுத்திக்கினு இருந்துச்சு. நிறுத்தினேன். "நீ வீட்டுக்குப் போம்மா"ன்னேன். போச்சு. எதுக்கால வந்தா சலாம் சொல்லும், நானும் சொல்லுவேன்.

மறுநாள் ஃபோமப் பிரிச்சுப் பார்த்தேன். வரல. பிரிக்கற மாதிரி நான் ஒட்டல. கிழிஞ்சு கிழிஞ்சு வருது, பாதி பலகையோட நின்னுடுது. ஒரு முழம் பிரிச்சுட்டு விட்டுட்டேன். அதோ, அந்த மூலைல தெரியுது பாருங்க. அதுக்கப்புறம் ஓட்டல. பியூலா பெங்களூருக்கு வாங்கன்னு கூப்பிடுறா. பார்க்கலாம்னு சொல்லியிருக்கேன்.

உங்களுக்கு அஞ்சு எம்.எம். போதும். ஆணி வேணாம், ஃபெவிக்கால் வேணாம். ரப்பர் பால் எங்க கிடைக்கும்னு எழுதித் தர்றேன். ஷீட் மிச்சம் நெறைய இருக்குது, எனக்கு இனிமே எதுக்கு, எடுத்துக்கினு போங்க. கீழ் வீட்டுக்காரங்க இனிமே மேல வர மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு.

உங்க வீட்டுக்காரம்மா இருக்காங்க இல்ல? வேலைக்குப் போறாங்களா, வீட்லயேவா? வீட்லயே. நீங்க ஓட்டுறப்ப அவங்க எங்க இருப்பாங்க? அடுத்த ரூம்ல.

இந்தச் சத்தத்தப் பத்தி அவங்க என்ன சொல்றாங்க?

கேட்டதில்லையா?

அப்ப ஷீட்ட இங்கயே வெச்சுட்டுப் போங்க சார். கேட்டுட்டு வாங்க. சத்தம் தொல்லையான்னு கேக்காதீங்க, அப்படிக் கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க. வேற மாதிரி கேளுங்க. எப்படின்னு எனக்கும் தெரியல. நீங்களே யோசிச்சுக் கேளுங்க.